வீட்டை போய்ச் சொல்லிக் குடுங்கோ

மங்கையற்கரசிக்கு மில்குறீக் கொலிஜ் உதைபந்தாட்ட அணி என்றால் உயிர். மகன் பிரசாந் அங்கே படித்தபோது அந்த அணியின் பின்வரிசையில் விளையாடினான். அவன் கடைசி வருடத்தில் மாகாணக் கிண்ணத்தையும் வென்றார்கள். படிப்பு முடிந்து மிசிசாகாவில் வேலைக்குப் போனதும் அவன் பந்தை மறந்துவிட்டான். தாய் மறக்கவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவள், செப்ரெம்பர் பிறந்தால் சனிக்கிழமைகளில் லீவு கேட்டு வாங்கி மைதானத்துக்குப் போய்விடுவாள். மழையென்றால் குடையோடு போவாள்.

ஜெயந்தன் பயிற்றுநராக வந்தபோது அவள் இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்களுடைய பொடியன் ஒருவன் கொலிஜ் ரீமுக்குக் கோச்சாக வந்திருக்கிறான் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னாள். அச்சுக்கடை வைத்திருந்த இரத்தினவேலும் அவளும் சேர்ந்து ரசிகர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கினார்கள். முதல் வருடம் அணி நடுவில் முடிந்தது. அடுத்த வருடம் கிண்ணம்தான் என்று குறூப்பில் எல்லோரும் எழுதினார்கள்.

அடுத்த வருடம் அணி தோற்றது. பிறகும் தோற்றது. நல்ல ஆட்டக்காரர்கள் மூன்று பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், கோல்காப்பாளனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. இதெல்லாம் மங்கைக்குத் தெரியும். ஆனால் நாலு கோல் வாங்கித் தோற்ற ஒரு சனிக்கிழமை, கார்த் தரிப்பிடத்தில் நின்றபடி, குளிரில் மூக்கு ஒழுக, போனைத் தூக்கிக் குறூப்புக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள்.

"உந்தக் கோச்சுக்கு மைதானத்திலை சொன்னா ஏறாது. ஆராவது வீட்டை போய்ச் சொல்லிக் குடுங்கோ, அப்பதான் விளங்கும்."

குறூப் சிரித்துத் தள்ளியது. யாரோ அந்தக் குரலுக்குப் பின்னால் மேளம் சேர்த்து அனுப்ப, அது ரொறன்ரோ முழுக்கச் சுற்றியது. வேலையிடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை அதைப் போட்டுக் காட்டி, இது நீங்கள்தானே அன்ரி என்று கேட்டாள். மங்கைக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புதன்கிழமை தேநீர் இடைவேளையில் அவள் குறூப்பைத் திறந்தபோது, பெயரும் படமும் இல்லாத ஒரு இலக்கத்திலிருந்து ஒரு படம் வந்திருந்தது. ஒரு வீட்டின் முன்பக்கம். கராஜ் கதவு, வாசல் படி, படியோரம் சாய்ந்து கிடந்த ஊதா நிறச் சின்னச் சைக்கிள். கீழே எழுதியிருந்தது: "கோச்சின்ரை வீடு. ஸ்ரௌவ்வில். அன்ரி சொன்னது சரி. சனிக்கிழமையும் தோத்தா வீட்டை போய்ச் சொல்லிக் குடுக்கத்தான் வேணும்." அதற்கு அடுத்ததாகத் தெருப்பெயரும் வீட்டு இலக்கமும்.

அதற்கும் சிலர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

மங்கை அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். மைதானத்தில் தகப்பனின் தோளில் கண்டிருக்கிறாள். உடனே தன் போனிலிருந்து படத்தை அழித்தாள். தன் குரல் பதிவையும் அழித்தாள். ஆனால் அது இப்போது யார் யாருடைய போனில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இரத்தினவேலுக்குப் போன் எடுத்தாள். அவர் அச்சு இயந்திரச் சத்தத்துக்குள் நின்று, உது பொடியளின்ரை பகிடி என்றார். இலக்கத்தைக் குறூப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டார். அது அவளுடைய பயத்தைக் கூட்டியது. குறூப்பில் இருந்தவரை அவன் என்ன எழுதுகிறான் என்றாவது பார்க்கலாம். இனி அதுவும் இல்லை.

பின்னேரம் பிரசாந்துக்குச் சொன்னாள். அவன் பொலிசுக்கு எடுக்கச் சொன்னான்.

"பொலிஸ் அந்தப் பதிவைக் கேட்டா ஆரைப் பிடிப்பாங்கள்?" என்றாள் மங்கை. "சொன்னது நானெல்லோ."

"அம்மா, யூ டிட்ன்ற் மீன் இற். எண்டாலும் சொல்லோணும்."

சொல்லவில்லை. வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க அவள் அந்தப் பயத்தோடு நடமாடினாள். வேலையில் சூப்புப் பாத்திரத்தை அடுப்பில் மறந்து அடிப்பிடிக்க விட்டாள். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் அது அடங்கும்வரை எடுக்காமல் இருந்தாள். ஜெயந்தனுடைய இலக்கம் அவளிடம் இருந்தது. பல தடவை போனில் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். என்ன சொல்லித் தொடங்குவது? நான்தான் அது, ஆனால் நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்றா?

சனிக்கிழமை வந்தது. அவள் மைதானத்துக்குப் போகவில்லை. ஸ்காபரோவுக்குள் மட்டுமே கார் ஓடிப் பழகியவள், நெடுஞ்சாலைக்குப் பயந்து, மார்க்கம் வீதியால் நேராக வடக்கே, ஸ்ரௌவ்வில் நகரை நோக்கி ஓட்டினாள். கடைகள் குறைந்து, வயல்கள் வந்து, பிறகு ஒரே மாதிரியான புது வீடுகள் வந்தன. மனப்பாடமாகியிருந்த இலக்கத்தைத் தேடிப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்தினாள். சைக்கிள் படியோரத்தில் இல்லை. மேல்மாடி யன்னலில் வெளிச்சம் தெரிந்தது.

யாராவது வந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை. சத்தம் போடலாம். ஹோர்ன் அடிக்கலாம். ஒரு பெரிய மனுசி நிற்பதைக் கண்டால் பொடியன்கள் போய்விடுவார்கள் என்று நினைத்தாள். குளிருக்குத் தலையை மூடித் தொப்பி போட்டு, சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு இருந்தாள். தெருவில் போன ஒவ்வொரு காரையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். மடியில் இருந்த போனில் குறூப் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. அவள் வாழ்க்கையில் ஒரு வெற்றிக்காக அப்படிக் கும்பிட்டதில்லை. கடைசி நிமிடத்தில் எதிரணி பெனால்ரியில் கோல் அடித்தது.

குறூப்பில் ஏச்சுகள் வந்து விழத் தொடங்கின. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சாம்பல் நிற வான் ஒன்று தெருமுனையில் திரும்பி, வேகத்தைக் குறைத்து, வீட்டு இலக்கங்களைத் தேடுவதுபோல மெல்ல ஊர்ந்து வந்தது. ஜெயந்தனின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மங்கை கதவைத் திறந்து இறங்கி, தெருவைக் கடந்து, அந்த வீட்டு வாசல்பாதையில் ஓடிப்போய் வானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானுக்குள் இருந்த வயதான வெள்ளைக்காரர் அவளை வியப்பாகப் பார்த்தார், கையில் இருந்த முகவரித் துண்டைப் பார்த்தார், இரண்டு வீடு தள்ளிப் போய் நிறுத்தினார்.

அப்போது பின்னால் மேல்மாடி யன்னல் திறந்தது.

"ஆர் நீங்கள்? என்ன வேணும்?"

ஜெயந்தனின் மனைவி தனுசியா. ஒரு கையில் போன். மற்றக் கையால் பிள்ளையை யன்னலிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். பின்னேரம் தொடங்கியதிலிருந்து தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற காரை, முகம் மூடிய ஆளை, அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த ஆள் இப்போது வாசலுக்கே வந்துவிட்டது.

மங்கை சால்வையை இழுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. நான் ஒண்டும் செய்ய வரேல்லை."

தனுசியா பிள்ளையை இன்னும் பின்னுக்குத் தள்ளினாள்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள்தான் அது. வீட்டையே வந்திட்டீங்கள்."

யன்னல் சாத்தப்பட்டது. உள்ளே பிள்ளை அழத் தொடங்கியது.

மங்கை காரில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. படியில் இருக்கவும் துணியாமல் வாசல்பாதை முடியும் இடத்தில், வெளித்தெரியக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். தனுசியா கூப்பிட்ட பொலிஸ் கார் வந்தது. ஷரோன் என்ற பெண் அதிகாரி இறங்கி, அவளைக் காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். மங்கைக்கு ஆங்கிலம் வாயில் தடுக்கியது. படத்தைத் தான் அழித்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரசாந்துக்கு எடுத்துப் போனை அதிகாரியிடம் கொடுத்தாள். அவன்தான் நடந்ததைச் சொன்னான். இரத்தினவேலிடம் அந்தப் படமும் இலக்கமும் இன்னும் இருந்தன. பொலிஸ் கேட்கிறது என்றதும் அவர் பகிடி என்ற சொல்லை மறந்து உடனே அனுப்பிவைத்தார்.

ஜெயந்தன் வந்தது அந்த நேரத்தில்தான். வீட்டுக்கு முன்னால் பொலிஸ் காரைக் கண்டவர் தன் காரை நடுத்தெருவிலேயே நிறுத்தி, கதவைச் சாத்தாமல், அணியின் பச்சை ஜக்கற்றோடு ஓடினார். அட்சயா, அட்சயா என்று மகளைக் கூப்பிட்டபடி கதவைத் தட்டினார். தோற்ற ஆட்டத்தின்போது கோட்டோரத்தில் கைகட்டி நிற்கும் அந்த மனிதனை மங்கை பல தடவை பார்த்திருக்கிறாள், அழுத்தக்காரன் என்று ஏசியும் இருக்கிறாள். இப்படி ஓடுவதை அவள் கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். ஷரோன் அவருக்குப் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு மங்கையிடம் வந்தார்.

"அன்ரி, நீங்கள் பிரசாந்தின்ரை அம்மா எல்லோ?"

"ஓம் தம்பி."

"புதன்கிழமையே எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"பயந்துபோனன். உங்களுக்கு நடக்கிறதை நினைச்சும் பயம், எனக்கு நடக்கிறதை நினைச்சும் பயம். எனக்கு வந்த பயந்தான் முதல் வந்தது. அதுதான் உண்மை."

வாசலில் தனுசியா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். மங்கை அவளைப் பார்த்து மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள். காவல் நிற்கத்தான் வந்ததாகச் சொன்னாள்.

"என்ரை சித்தியே அந்தப் பதிவைச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு அனுப்பினவ" என்றாள் தனுசியா. "இண்டைக்கு வேறை ஒருத்தரும் இஞ்சை வரேல்லை, அன்ரி. நீங்கள் மட்டுந்தான் வந்தனீங்கள்."

ஆளைச் சில நாட்களிலேயே பிடித்தார்கள். ரொறன்ரோ நகரத்துக்குள், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த ஒரு பொடியன். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஜெயந்தனின் வீட்டுப் படியில் பார்சலை வைத்ததற்கு அத்தாட்சியாக முன்பொருநாள் எடுத்த படம் அது. பெட்டி தெரியாதபடி வெட்டி அனுப்பியிருக்கிறான். மில்குறீக்கின் ஒரு ஆட்டத்தையும் அவன் பார்த்ததில்லை; சுற்றித் திரிந்த அந்தப் பதிவைக் கேட்டுத்தான் குறூப்புக்குள் வந்தவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன் என்று பொலிசுக்குச் சொன்னானாம். வேலை போனது, வழக்கும் வந்தது. மங்கையைக் கூப்பிட்டு விசாரித்து, வாக்குமூலம் எழுதி விட்டுவிட்டார்கள்.

ஜெயந்தன் மிச்ச ஆட்டங்களுக்கு வந்தார். ஒன்றில் வென்றார்கள், மற்றதில் தோற்றார்கள். நவம்பரில் தானாகவே விலகிக்கொண்டார். குறூப்பில் நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள், இனித்தான் ரீம் உருப்படும் என்றவர்களும் இருந்தார்கள். மங்கை அதற்கு முன்பே குறூப்பை விட்டிருந்தாள். அடுத்த வருடம் புதுக் கோச்சின் முதல் ஆட்டத்துக்குப் போனாள். அரைநேரத்துக்குள் பார்வையாளர் பின்வரிசையில் ஒருவர் எழும்பி நின்று கத்தத் தொடங்க, அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள். மிச்சத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்கடுத்த கோடையில் ஒருநாள் மார்க்கம் நகரத்தில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது தனுசியா எதிரே வந்தாள். அட்சயா தாயின் கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். தனுசியா மங்கையைக் கண்டாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. பிள்ளையை மட்டும் மெல்ல இழுத்துத் தன் மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

மங்கை வண்டிலை அப்படியே விட்டுவிட்டு அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் போனாள். அவர்கள் காசு கட்டி, கதவைத் தாண்டி, காரில் ஏறிப் போகும்வரை அங்கேயே, அவர்கள் கண்ணில் படாமல் நின்றாள்.