நாற்பது மீற்றர் கறுப்பு வயர்

"இதையா சொல்றீங்க? இதை வச்சு நான் ஆட்டைக்கூடக் கட்ட மாட்டேன், டீச்சர்."

நான் பார்த்துப் பார்த்து எடுத்திருந்த வெள்ளை வயர்ச் சுருளை மைக்கல் கடை மேசையில் திரும்பப் போட்டார். மாத்தளை டவுனில் ஸஹாப்தீன் நானாவின் ஹாட்வெயார் கடையில் நின்றுகொண்டிருந்தோம். மைக்கல் எங்கள் வீட்டுக்கு இருபது வருடமாக வயரிங் பார்க்கிறவர். அவருடைய மனைவி ஷிரானி என்னிடம் மனையியல் படித்தவள். அதனால் அவருக்கும் நான் டீச்சர்தான்.

"அதுல என்ன குறை? மெல்லிசா, பாரமில்லாம, பாக்கவும் அழகா இருக்கே."

"ரெண்டு பல்ப் போடலாம், ஒரு ஃபேன் போடலாம். நீங்க கொண்டுபோறது வேன் இல்ல, ஒரு வீடு. ஏசி, ஃபிரிட்ஜ், கேத்தல், அதுக்கு மேல நிஷ்மியாக்காவோட மூச்சு மெஷின். எல்லாம் ஒண்ணா இழுத்தா இந்த வயர் அடுப்பாகிடும்."

நிஷ்மியா என் தம்பி ஹஸீபின் மனைவி. இரண்டு வருடமாக அந்த மெஷின் தரும் காற்றில்தான் வாழ்கிறாள். மூக்கில் குழாயுடன் அறைக்கும் விறாந்தைக்கும் நடப்பாள், அவ்வளவுதான். கிண்ணியாவில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய மகள் பஸ்லாவுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. எங்கள் வழக்கப்படி முதல் பேறு தாய் வீட்டில்தான். "உம்மாக்கே ஏலாம இருக்கு, நான் வேற வந்து பாரமா?" என்று பஸ்லா அங்கேயே இருந்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை பிள்ளைக்கு நாற்பதாம் நாள். நிஷ்மியா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டும்.

மெஷின் நிற்காமல் ஓடினால் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். யட்டவத்தை அன்ஸாபிடம் கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் வைத்துக் கட்டிய சுற்றுலா வேன் ஒன்று வாடகைக்கு இருந்தது. ஓடும்போது எஞ்சினே கரண்ட் கொடுக்கும். நின்றால் வேனின் பெட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குப் பிறகு வெளியிலிருந்து இழுக்க வேண்டும். பஸ்லாவின் வீடோ வேன் நுழைய முடியாத ஒழுங்கையின் உள்ளே. கிண்ணியா வெக்கையில் ஏசி இல்லாமல் நிஷ்மியாவால் மூச்சு விட முடியாது, ஆகவே அவள் வேனிலேயே தங்க வேண்டும். மருமகன் வீட்டு பிளக்கிலிருந்து ரோட்டு வரைக்கும் கயிறு பிடித்து அளந்து, முப்பத்தேழு மீற்றர் என்று சொல்லியிருந்தான்.

"வீட்டுல ரெண்டு பழைய வயர் கிடக்கு. ரெண்டையும் சேத்துக் கட்டினா நாப்பது வரும்," என்றேன்.

மைக்கல் ஸஹாப்தீன் நானாவைப் பார்த்தார். "நானா, கேட்டீங்களா?"

"கேட்டேன். காதுக்கு நல்லாத்தான் இருந்திச்சு."

"டீச்சர், சேத்துக் கட்டின இடத்துலதான் முதல்ல சூடு பிடிக்கும். ஒரே துண்டு வேணும். நானா, மூணு கம்பி, ரப்பர் தோல், ரெண்டரை மில்லிமீற்றர். நாப்பது மீற்றர்."

ஸஹாப்தீன் நானா உள்ளேயிருந்து கறுப்பாக, கைவிரல் மொத்தத்தில் ஒரு வயரை உருட்டிக்கொண்டு வந்தார். மைக்கல் அதன் நுனியைச் சீவி, கம்பியைச் சுரண்டிப் பார்த்தார்.

"செம்புதான். மேல நிறம் பூசின அலுமினியம் இல்ல."

"என் கடையிலயா? அஸ்தஃபிருல்லாஹ்! மைக்கல், நீ பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் சுரண்டிப் பாத்தியா?"

"பாத்திருக்கணும் நானா. இப்ப ஷிரானிதான் என்னைச் சுரண்டுறா."

அளந்து வெட்டி ஒரு நுனியில் மொத்தமான பிளக்கும் மறு நுனியில் சொக்கட்டும் பூட்டியபோது, சுருள் எட்டுக் கிலோவுக்கு மேல் இருந்தது. நான் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"இது வயர் இல்ல, மலைப்பாம்பு."

"பாம்பு பயமுறுத்தும், டீச்சர். இது காப்பாத்தும்."

புதன்கிழமை காலையிலேயே அன்ஸாப் அலுவிகாரையிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிண்ணியாவில் ஓட்டுவதுபோலவே எல்லாவற்றையும் இங்கே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது மைக்கலின் பிடிவாதம். முன்வாசல் பிளக்கிலிருந்து வயரை எடுத்து, பாக்கு மரத்தைச் சுற்றி, மிளகு காயப்போட்ட பாய்களுக்கு நடுவால் வளைத்து வளைத்து விட்டு, வேன் வரைக்கும் கொண்டுபோனார். முற்றம் முழுவதும் கறுப்புக் கோடு.

"டீச்சர், இதைச் சுருட்டாதீங்க. கரண்ட் போகும்போது சுருட்டவே கூடாது. இப்படியே கிடக்கட்டும். எனக்குப் பல்லேபொலைல ஒரு வேலை. பகலைக்கு வந்து தொட்டுப் பாக்கிறேன்."

"முப்பது வருஷம் மனையியல் படிப்பிச்சவளுக்கா பாடம் நடத்துறீங்க?"

"அதுதான் டீச்சர் என் பயமே."

அவர் போனார். நிஷ்மியா வேனுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். ஏசி ஓடியது, ஃபிரிட்ஜ் ஓடியது, மெஷின் தன் பாட்டுக்கு உஸ் உஸ் என்றது. நான் கேத்தலைப் போட்டேன்.

"மதினி! இங்க நுவரெலியா மாதிரி இருக்கு. ஒரு சுவெட்டர் தாங்க!"

"இருக்கிற சட்டையைப் போத்திக்க. கிண்ணியால இந்தக் குளிரைத்தான் தேடுவே."

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் எனக்கு அந்த முற்றத்தைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோழிகள் வயரில் தடுக்கி மிளகுப் பாயில் விழுந்தன. மிளகைக் கிளறப் போன நானும் ஒருமுறை தடுக்கினேன். பார்க்கிற இடமெல்லாம் கோணலும் மாணலும். 'பிளக்கை நான் தொடவில்லையே, நடுவிலே கிடக்கிறதைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணினால் என்ன?' என்று என் மனம் என்னிடமே நியாயம் கேட்டது. வயரை இழுத்து, வட்டம் வட்டமாக, சும்மாடு சுற்றுவதுபோல் இறுக்கமாகச் சுற்றி, வேன் பக்கத்தில் அழகாக அடுக்கி வைத்தேன். புது வயர் வெயிலில் கெட்டுவிடுமே என்று மேலே சாக்கும் போட்டு மூடினேன். முற்றம் முற்றமாக ஆனது. மறுபடியும் கேத்தலைப் போட்டேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும்.

"தாத்தா! என்னமோ கருகுற மணம் வருது!"

எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. கத்தியது ஹஸீப். கத்திக்கொண்டே உள்ளே ஓடி மெயின் சுவிட்சைத் தட்டினான். வேனில் ஏசி நின்றது. பெட்டரி உடனே மெஷினைப் பிடித்துக்கொண்டது. நிஷ்மியாவின் மூச்சு தப்பியது.

நான் சாக்கைத் தூக்கினேன். அனல் முகத்தில் அடித்தது. ஒரு வட்டத்தைப் பிடித்த கையை உடனே எடுத்துவிட்டேன். ஏன் சூடானது என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் யாரால் சூடானது என்று நன்றாக விளங்கியது. ஹஸீப் உள்ளே நின்று மைக்கலுக்குப் போன் பேசி முடித்து வெளியே வருவதற்கு முன், சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்த வயரை மைக்கல் விட்டுப் போனதுபோலவே வளைத்து வளைத்து விரித்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில், ஒரு பிள்ளை உடைத்த கோப்பையை ஒளிப்பதுபோல.

மைக்கல் வந்து வயரை அடி அடியாகத் தடவினார், மோந்து பார்த்தார்.

"எந்த இடத்துல சூடாச்சு?"

"தெரியல மைக்கல். மணம்தான் முதல்ல வந்திச்சு," என்றான் ஹஸீப்.

அன்ஸாப், "என் வேன்ல பிழை இல்ல," என்றார், யாரும் கேட்காமலே.

மைக்கல் பிளக்கையும் சொக்கட்டையும் கழற்றிப் பார்த்தார். கரண்ட் பார்க்கிற மீற்றரை வைத்துப் பார்த்தார். வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் வேலை செய்தார். கடைசியில் போனை எடுத்தார்.

"நானா, நீங்க தந்த வயர் சூடாகுது."

போன் சத்தமாகக் கேட்டது. "வல்லாஹி, அது நல்ல வயர், மைக்கல்! உனக்குச் சந்தேகமெண்டா மாத்தித் தாறேன். ஆனா நாப்பது மீற்றர் ஒரே துண்டா இனி செவ்வாக்கிழமைதான் வரும்."

"மாத்தினாலும் சரியாகுமான்னு தெரியல. பிழை எங்கன்னு எனக்குப் பிடிபடல நானா." போனை வைத்துவிட்டு ஹஸீபைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க. காரணம் தெரியாம நான் அவங்களை அனுப்ப மாட்டேன். நடுச்சாமத்துல அங்க இது நடந்தா யாரு பாக்கிறது?"

வேன் கதவு திறந்திருந்தது. நிஷ்மியா தன் பையிலிருந்து பிள்ளைக்கென்று வாங்கிய ரோஸ் நிறச் சட்டையை எடுத்து மடியில் விரித்து, மெதுவாக மடித்தாள்.

"சரி, பரவால்ல. போன்ல பாத்துக்கலாம்." ஒரு மூச்சு விட்டாள். "பஸ்லாக்கு நான் சொல்றேன், நீங்க சொல்ல வேணாம்." இன்னொரு மூச்சு. "மதினி, நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க? இந்த வயதுல ரெண்டு நாளா எனக்காக அலைஞ்சீங்க. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மைக்கல், வயர்ல பிழை இல்ல. நான் சுருட்டினேன்."

"என்ன?"

"சுருட்டி வச்சேன். நீங்க போன பிறகு."

"சும்மா சுருட்டினீங்களா, இறுக்கிச் சுருட்டினீங்களா?"

"இறுக்கித்தான். மேல சாக்கும் போட்டேன்."

"சாக்கா?"

"ரெண்டு சாக்கு. வெயில் படக்கூடாதுண்டு."

மைக்கல் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப, பிறகு விரிச்சு வச்சது?"

"அதுவும் நான்தான்."

முதலில் சிரித்தது நிஷ்மியா. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பானது. "ரெண்டு சாக்கு! மதினி, ஒரு தலகாணியும் வச்சிருக்கலாமே!"

"சின்ன வயசுல என் பட்டத்து நூலையும் இப்படித்தான் சுத்தி அலுமாரில வச்சுப் பூட்டினா," என்றான் ஹஸீப்.

மைக்கல் சிரிக்கவில்லை. எனக்கு வர வேண்டியது வரட்டும் என்று நின்றேன். எத்தனை முறை அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! அவர் எழுந்து வந்து, வயரை ஒரு வளையமாக்கி என் கையில் வைத்தார்.

"பாருங்க டீச்சர். இவ்வளவு கரண்ட் போனா வயர் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். விரிச்சுக் கிடந்தா அந்தச் சூடு காத்துல போயிரும். சுருட்டினா ஒரு வட்டம் அடுத்த வட்டத்தைச் சுடும். சாக்கும் போட்டா போறதுக்கு வழியே இல்ல. அந்த வெள்ளை வயரா இருந்திருந்தா உருகி ஒட்டி, இந்நேரம் வேனே பத்தியிருக்கும்."

"எனக்கு வாயே இல்ல, மைக்கல். ஏசுங்க."

"எதுக்கு ஏசணும்? நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் நல்ல வயரைக் குத்தம் சொல்லியிருப்பேன், நானாவோட மனஸ்தாபம் வந்திருக்கும், அக்கா இங்கேயே கிடந்திருப்பாங்க. சொன்னீங்களே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."

அவர் ஏசியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

வயரின் முழு நீளத்தையும் இன்னொரு முறை கையால் தடவி, தோல் எங்கும் வெடிக்கவில்லை என்று பார்த்தார். மீற்றரும் சரி என்றது. விரித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை வேறு வேலைக்குப் போகாமல் எங்கள் படியிலேயே இருந்தார். அரை மணிக்கொரு முறை அவர் தொட்டார், அடுத்து என்னைத் தொடச் சொன்னார். பிள்ளையின் நெற்றிபோல இளஞ்சூடு, அவ்வளவுதான். பிறகு கடைக்குப் போன் போட்டார்.

"நானா, வயர் நல்லது. பிழை சாக்குல."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து புறப்பட்டோம். கிண்ணியாவில் வேன் நின்றதும், மருமகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வயரை நானே விரித்தேன். பக்கத்து வீட்டு வேலியோரமாக, கிணற்றுக் கட்டைச் சுற்றி, பெரிய பெரிய வளைவாக. ஒழுங்கையில் சைக்கிள் ஏறுகிற இடத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் இரண்டு பலகை கொண்டுவந்து வயருக்கு இரண்டு பக்கமும் போட்டாள். "நோயாளிக்குக் கரண்ட் போற வயராமே, யாரும் மிதிக்காம நான் பாத்துக்கிறேன் உம்மா," என்றாள். பேரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றுவரை துஆவில் அவளை 'பலகைக்காரி' என்றுதான் சொல்கிறேன். அல்லாஹ்வுக்கு ஆளைத் தெரியும்.

சனிக்கிழமை காலை, முடி இறக்கிக் குளிப்பாட்டிய பிள்ளையை பஸ்லா வேனுக்குள் கொண்டுவந்து தாயின் மடியில் வைத்தாள். ஏசி ஓடியது. மெஷின் உஸ் உஸ் என்றது. பிள்ளை கையை வீசி மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டது.

"விடுடா ராஜா, அது உம்மும்மாட காத்து," என்றாள் பஸ்லா.

"பிடிக்கட்டும்," என்றாள் நிஷ்மியா. "அவனுக்கும் அதுல பங்கு இருக்கு." பிறகு என்னைப் பார்த்தாள். "மதினி, வயர் எப்படி இருக்கு?"

இறங்கிப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிளக்கில் சூடில்லை. வேலியோரம் நெடுக நடந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எங்கும் இல்லை. திரும்பி வருகையில் போன் அடித்தது. மைக்கல்.

"டீச்சர், சுருட்டலையே?"

"இல்ல, மைக்கல். ஒழுங்கை முழுக்க அலங்கோலமாக் கிடக்கு."

"அப்ப அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க."

சொன்னேன். வேனுக்குள் நிஷ்மியாவும் சொன்னாள், நடுவில் மூச்சு எடுக்காமல், ஒரே மூச்சில்.