பூட்டை உடைத்தவள்

பூட்டை உடைத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பெரிதாகத் துப்புத் துலக்கியதுபோல் பேச வேண்டாம். நெடுங்காட்டுப் பக்கம் இருந்த நூல் மில்லில், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, இரும்புக் கம்பியால் ஓங்கிப் போட்டு உடைத்தேன். எண்பத்து இரண்டாம் வருஷம். பூட்டியிருந்த கதவுக்கு உள்ளே தங்கமோ வைரமோ இல்லை. பெண்கள் கக்கூஸ்.

என் பெயர் ஜெயமேரி. மில்லில் எனக்கு ரீலிங் வேலை, அதாவது நூலை ராட்டில் சுற்றிச் சிட்டம் சிட்டமாக எடுக்கிற வேலை. அந்தச் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள், மேஸ்திரி மட்டும் ஆண். அந்த மேஸ்திரி யார் என்று கேட்டால் அங்கேதான் வம்பு. சூசைமுத்து, என் வீட்டுக்காரர் இஞ்ஞாசியின் சொந்தத் தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

மானேஜர் சோமசேகரனுக்கு ஒரு எண்ணம், பெண்கள் கக்கூசுக்குப் போகிற சாக்கில் ஊர்க்கதை பேசி வேலையைக் கெடுக்கிறார்கள் என்று. கதவில் பூட்டு மாட்டி, சாவியை மேஸ்திரி மேசையில் வைக்கச் சொன்னார். சாவி வேண்டுமென்றால் மேசை முன்னால் போய் நிற்க வேண்டும். "எதுக்கு?" என்று மேஸ்திரி கேட்பான். என்ன காரணம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூடை சுமக்கிற ஆண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். அவர்கள் காதிலும் விழும்.

என்னை மட்டும் அவன் கேட்க மாட்டான். நான் எழுந்தாலே சாவியை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அண்ணி அல்லவா? கொடியில் என் துணி காய்ந்தாலே அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறவன், என்னிடம் அந்தப் பேச்சை எப்படிப் பேசுவான்? எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை. மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மரியாதை எனக்கு மட்டும் எதற்கு? நான் வெளியே வந்ததும் சாவியை அடுத்தவள் கையில் கொடுப்பேன். அவன் எழுந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போவான்.

வடிவாம்பாள் அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, வயிற்றில் பிள்ளை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அடிக்கடி எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும், இதைப் படித்துப் பட்டம் வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் மேசை முன்னால் போய் நின்ற நேரம் பார்த்து நாலைந்து ஆண்கள் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

"எதுக்குன்னு சொன்னாத்தான் சாவி," என்றான் சூசை.

அவள் திரும்பி வந்து ராட்டின் முன்னால் நின்றாள். நின்றபடியே அழுதாள். அடக்க முடியாமல் போய்ச் சேலை நனைந்தது, தரையிலும் ஓடியது. ஒருவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்குப் பூட்டு மட்டும்தான் உடைந்தது. மேசையும் மண்டையும் தப்பியதே பெரிய காரியம்.

சாயங்காலத்துக்குள் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மில் சொத்தைச் சேதப்படுத்தினேனாம். அதற்குள் கதவில் வேறு பூட்டும் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மாமியார் அற்புதம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஒன்னையத்தான் அவன் ஒரு வார்த்த கேக்கலயே. ஒனக்குத்தான் சாவி குடுத்தானே. ஊருக்கு வந்த நோவு ஒனக்கு எதுக்குடி?"

இஞ்ஞாசி தச்சு வேலை பார்க்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து, சரியாக உளி பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். அதனால் அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மாதா கோயில் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். சூசையையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே குடும்பத்துக்குள் மனஸ்தாபம் ஆகாது, ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"குடும்பத்துல எங்களுக்குச் சண்டையே இல்லீங்க சாமி," என்றேன். "வீட்டுச் சண்டையா இருந்தா வெளக்குமாத்தோட முடிச்சிருப்பேன். இது மில்லு விஷயம். மில்லுல வச்சுத்தான் முடிக்கணும்."

மில் வாசலில் டீக்கடை வைத்திருந்த முகைதீன் பிச்சை பாய்தான் வழி சொன்னார். காரைக்காலில் தொழிலாளர் ஆபீஸ் இருக்கிறது, அங்கே சமரச அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார், முதலாளியையும் தொழிலாளியையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசுவதுதான் அவருக்கு உத்தியோகம் என்றார். மனு எழுதிக்கொண்டு போனேன்.

அதிகாரியின் பெயர் சிவசுப்பிரமணியன். ஒல்லியான ஆள், பேச்சில் அவசரமே கிடையாது. முதலில் என்னைத் தனியாக உட்கார வைத்து, நான் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க சார், நியாயம் யார் பக்கம்?" என்றேன்.

"அத நான் சொல்ல முடியாதும்மா. தீர்ப்பு சொல்ற ஆள் நான் இல்ல. ரெண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரி ஒரு வழி இருக்கான்னு தேடுறதுதான் என் வேலை."

எனக்கு எரிச்சலாக வந்தது. தீர்ப்பு சொல்லாத ஆளுக்கு எதற்கு மேசை, எதற்கு மின்விசிறி? முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

வீட்டிலும் கோயிலிலும் எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. 

"என் வேலை வேணும். அந்தக் கதவுல பூட்டு இருக்கக் கூடாது. யாரும் யாரையும் ஒன்னும் கேக்கக் கூடாது."

"மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்கன்னா?"

"கேக்க மாட்டேன்."

"அதனால வேலை போனா?"

"போவட்டும்," என்றேன்.  சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை.

முதல் தவணைக்கு மானேஜர் வரவில்லை. மறு தவணைக்குச் சூசையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி அவர்களிடமும் தனித்தனியே பேசிவிட்டு எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தார். ஒரே மாதிரி நாற்காலிகள், மானேஜருக்கும் அதேதான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லிவைத்தார். மானேஜர் உற்பத்தியைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் பேசினார். பொல்லாத பேச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு என் முறை வந்தது, நானும் பேசினேன்.

அதிகாரி சூசை பக்கம் திரும்பினார். "சாவி கேட்டு வர்றவங்கள நீங்க என்ன கேப்பீங்க?"

"எதுக்குன்னு கேப்பேங்க."

"அவங்க என்ன சொல்வாங்க?"

 சூசை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுங்க மேஸ்திரி, இதுல என்ன?" என்றார் மானேஜர்.

"அண்ணி இருக்காங்க சார்," என்றான் சூசை. "அவங்க முன்னாடி எப்படிங்க சொல்றது?"

 அண்ணியின் முன்னால் நாக்கில் வராத சொல்லை, ஒரு செக்‌ஷன் பெண்களையே தன் முன்னால் சொல்ல வைத்தவன் அவன். அது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

"நான் சொல்றேன் சார்," என்றேன். "தூரம்னு சொல்லணும். துணி மாத்தணும்னு சொல்லணும். பேதின்னு சொல்லணும். பிள்ளத்தாச்சி, அடக்க முடியலன்னு சொல்லணும். கூடை தூக்குறவனுக்கும் கேக்குற மாதிரி சொல்லணும். மெதுவாச் சொன்னா, காது கேக்கலன்னு மறுபடியும் கேப்பாங்க."

  மானேஜர் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அவரிடம் அமைதியாகக் கேட்டார், "இந்தப் பதிலையெல்லாம் வச்சு மில்லு என்ன சார் பண்ணுது?"

 மானேஜர் கர்ச்சீப்பை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், பூட்டை எடுத்துவிடலாம், வேலையும் கொடுக்கலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கணும். அது இல்லாம உள்ள விட்டா நாளைக்கு எவன் என்னைய மதிப்பான்?"

"எழுத மாட்டேன்," என்றேன்.

அதிகாரி என்னை வற்புறுத்தவில்லை. ரெண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் பேச்சு முறிந்தது என்று மேலே எழுதி அனுப்ப வேண்டியிருக்கும், கேஸ் கோர்ட்டுக்குப் போகலாம், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கொஞ்சம் வெளியே போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் இஞ்ஞாசி தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு வரிதானே மேரி," என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அரிசிப்பானை காலியாக இருந்தது அவருக்கும் தெரியும். ஆனால் குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் அந்த ஒரு வரியை எழுதினால், நனைந்த சேலையோடு நின்றவள்தான் தப்புச் செய்தவள் என்று ஆகிவிடும்.

சூசை பின்னாலேயே வந்தான். "அண்ணி, பூட்டுக்குப் பொறுப்பு நான்தானே. ஒங்களுக்குப் பதிலா நான் மன்னிப்பு எழுதிக் குடுத்துர்றேன். முடிஞ்சிரும்."

"எனக்காக நீ ஒன்னும் எழுத வேணாம் தம்பி. எங்கிட்டயும் கேக்க வேணாம், அந்த மானேஜர்கிட்டயும் கேக்க வேணாம். கேக்கணும்னு மனசுல இருந்தா வடிவாம்பாகிட்ட கேளு. மில்லு வாசல்ல, எல்லாரும் இருக்குறப்ப."

 அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். நானும் பின்னால் போனேன்.

"சார், அண்ணி எழுதினாலும் எழுதலன்னாலும் இனிமே நான் அந்தச் சாவியத் தொட மாட்டேன்," என்றான் மானேஜரிடம். "வேற ஆளப் போட்டுக்குங்க. ஆனா நெடுங்காட்டுலயும் விழிதியூர்லயும் எந்த ஆம்பளையப் போட்டாலும் அந்தச் செக்‌ஷன்ல அவனுக்கு ஒரு அண்ணியோ தங்கச்சியோ இருப்பா. எவனும் சம்மதிக்க மாட்டான். நானே போய்ச் சொல்லுவேன்."

மானேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னைய மெரட்டுறியா?" என்றார்.  அதிகாரி குறுக்கே புகவில்லை, தண்ணீர் டம்ளரை மானேஜர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். மானேஜர் தண்ணீரைக் குடித்தார். வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்த வரி வேணாம், எடுத்துருங்க," என்றார்.

அதிகாரி ஒப்பந்தத்தை எழுதி ரெண்டு பக்கத்துக்கும் வாசித்துக் காட்டினார். வேலை திரும்ப வரும். கதவுக்கு வெளியே பூட்டு கிடையாது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தருவார்கள். காரணம் கேட்கிற பழக்கம் இன்றோடு நிற்கும். எங்கேயும் மன்னிப்பு என்ற சொல் இல்லை. ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தீர்ப்புச் சொல்லாத ஆளுக்கு மின்விசிறி ஓடினால்தான் என்ன என்று அப்போது தோன்றியது.

வேலைக்குத் திரும்பிய அன்று மில் வாசலில் சூசை வடிவாம்பாளை மறித்து நின்றான். "மன்னிச்சுரும்மா," என்றான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை, சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அதில் வருத்தமில்லை. கேட்கிறது அவன் கடமை. கொடுக்கிறதும் கொடுக்காததும் அவள் இஷ்டம்.

ராட்டுகள் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வடிவாம்பாள் எழுந்தாள். வயிறு இப்போது நன்றாகவே தெரிந்தது. மேஸ்திரி மேசையைத் தாண்டி நேரே நடந்தாள். போனாள், வந்தாள். அவள் உட்கார்ந்ததும் அடுத்த ராட்டுப் பெண் எழுந்தாள். அவள் வந்ததும் இன்னொருத்தி. அன்றைக்குத் தேவை இருந்தவளும் போனாள், இல்லாதவளும் போனாள். ஆண்கள் கூடையைத் தலையில் வைத்தபடி ஒதுங்கி வழி விட்டார்கள். மானேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நூல் சிட்டம் என்னவோ வழக்கம்போல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியாக நான் போனேன். கதவைச் சாத்திப் புதுத் தாழ்ப்பாளைப் போட்டேன். அத்தனை நாள் யார் முன்னாலும் அழாதவள், உள்ளே நின்று ஆசை தீர அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, எனக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.