ஆயிரத்து அறுநூறு கலோரி

பாதுகாப்பு வார உறுதிமொழியை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் மயங்கி விழுந்தேன். விழுந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. விழும்போது கைக்கு எட்டிய பேனரைப் பிடித்து இழுத்துவிட்டேன். 'விபத்தில்லாத நூறு நாட்கள்' என்று தெலுங்கில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த அந்த பேனர், இரும்புச் சட்டத்தோடு சரிந்து முன்வரிசையில் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் பிரசாத்தின் தோளில் இறங்கியது. ஹைதராபாத் நாச்சாரத்தில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அறுபத்திரண்டு பேர் வலது கையை நீட்டிக்கொண்டு, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண் விழித்துப் பார்த்தபோது பாதிப் பேர் இன்னும் கையை இறக்கவில்லை. இளங்கோவன் சார் என்கிற நான் எழுந்து அடுத்த வரியைச் சொல்வேன் என்று காத்திருந்தார்களோ என்னவோ. பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் விபத்து அறிக்கையையும் நானேதான் எழுதவேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'வெயில்' என்று எழுதினேன். நாங்கள் நின்றிருந்தது கூரைக்குக் கீழே.

உண்மையான காரணத்தை அந்தக் கட்டத்தில் எழுத முடியாது. முந்தின நாள் காலையிலிருந்து நான் சாப்பிட்டது ஒரு ஆப்பிள், இரண்டு இட்லி, ஒரு தம்ளர் மோர். காசில்லாமல் இல்லை, விரதமும் இல்லை, ஃபிரிட்ஜ் நிறைய சமைத்த சாப்பாடு இருந்தது. அதில் மூன்று நாள் பழைய சாம்பாரும் அடக்கம்.

போன ஆகஸ்டில் நான் நூற்று மூன்று கிலோ. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, உடனே எடையைக் குறைக்காவிட்டால் சிக்கல் என்று டாக்டர் சொல்லி, மல்காஜ்கிரியில் இருக்கும் ஹம்சா என்ற உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். ஹம்சாவின் கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்தவராம். அவள் பேசும் தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை இந்த ஊர் உருதுவாக இருக்கும். முதல் நாளே ஒரு தாளில் என் உயரம், வயது எல்லாம் எழுதிப் பெருக்கிக் கூட்டி, ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு கலோரி என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தாள். அதற்கு மேல் போகக்கூடாது, அதற்குக் கீழேயும் போகக்கூடாது. கீழே என்றதும் நான் சிரித்துவிட்டேன். நூற்று மூன்று கிலோ ஆசாமியைப் பார்த்து, குறைவாகத் தின்றுவிடாதே என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

சிரித்தது தப்பு. செப்டம்பரில் ஆயிரத்து நானூறு, அக்டோபரில் ஆயிரத்து நூறு, தீபாவளி போனபிறகு எண்ணூறைத் தாண்ட முடியவில்லை. அதுவரை ஹோட்டல் பார்சல், இப்போது என் சமையல். முட்டை வேகவைப்பேன், இரண்டு கரண்டி சாதம் வைப்பேன், பருப்பு ஊற்றுவேன். லோத்குண்டாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ராணுவ நிலத்தின் நீண்ட மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் மரங்கள். நாலு வாய் சாப்பிடுவேன். பிறகு மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டில் இருப்பது அப்படியே ஆறிப்போய் ஏடு கட்டும். பசி என்று ஒன்று இருந்ததையே வயிறு மறந்துவிட்டது போலிருந்தது. எடை மட்டும் சொன்ன சொல் கேட்டது. தொண்ணூற்று ஆறு, எண்பத்தொன்பது, எண்பத்தொன்று. தொழிற்சாலையில் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். மனைவி ஊரில் இல்லை, அதுதான் ரகசியம் என்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சத்தியமான வார்த்தையைச் சொன்னாலும் சிரிக்கும் அளவுக்கு நான் அவர்களைப் பழக்கி வைத்திருந்தேன்.

தினமும் மூன்று வேளைத் தட்டையும் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பவேண்டும் என்பது ஹம்சாவின் சட்டம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டு நிறைய வைத்துப் படம் எடுப்பேன். அனுப்புவேன். அவளிடமிருந்து கட்டைவிரல் வரும். பிறகு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் அதே சாதம், அதே பொரியல், அதே சாம்பார், மறுபடி தட்டுக்கு வந்து போஸ் கொடுக்கும். இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிப்ரவரியில் ஒரு கறிவேப்பிலை காட்டிக்கொடுக்கும் வரையில். நுனி கிழிந்த ஒரு கறிவேப்பிலை மூன்று நாளும் சாம்பாரில் மிதந்திருக்கிறது. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பி, கிளினிக்குக்கு வரச்சொன்னாள்.

"பன்னெண்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். தின்னுட்டு தின்னலைன்னு சொல்றவங்களை தினம் பாக்கறேன். தின்னாம தின்னேன்னு சொல்ற மொத ஆள் நீங்கதான்" என்றாள்.

"அப்ப எனக்கு ஒரு ஷீல்டு குடுங்க" என்றேன்.

"நக்கோ சார், வேணாம். காமெடி நக்கோ. கொழுப்பு போறது வேற, தசை கரையறது வேற. உங்களுக்கு ரெண்டாவது நடக்குது. வீட்ல யார் பரிமாறுவாங்க?"

செல்ஃப் சர்வீஸ் என்றேன். அவள் சிரிக்காமல் அதை ஏட்டில் எழுதிக்கொண்டாள். வாரத்தில் நாலு நாளாவது யாரோடாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தாள். உணவுக்கு முன் ஒரு ஆள், உணவுக்குப் பின் ஒரு ஆளா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவள் கேட்ட கேள்வி மெதுவாக உள்ளே இறங்கியது.

எங்கள் ஊர்ப் பக்கம் சாப்பிட உட்கார்ந்தவன் முதல் கரண்டியிலேயே போதும் என்று சொல்லவேண்டும். அது மரியாதை. பரிமாறுகிறவள் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி போடவேண்டும். அது அதைவிடப் பெரிய மரியாதை. கையை மறைத்துத் தடுக்கவேண்டும், விரலிடுக்கு வழியாக நெய் விழவேண்டும். இருபத்தோரு வருடம் நான் போதும் என்று சொல்லிச் சொல்லியே நூற்று மூன்று கிலோ ஆனவன். அந்த உடம்பில் பாதிக்கு மேல் போதும் என்று சொன்னபிறகு விழுந்தது. இப்போதும் இரண்டு கரண்டி வைத்ததும் எனக்குள்ளே யாரோ போதும் என்கிறான். அதைக் காதில் வாங்காமல் இருக்க மறுபக்கம் ஆள் இல்லை. எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கை ஒருபோதும் நான் போட்டதில்லை.

என் மனைவி ரோகிணி ஊரைவிட்டுப் போனதும் ஏறக்குறைய இப்படித்தான். எங்கள் மகள் ரக்ஷிதாவுக்கு கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்த அதே மாதம், வங்கியில் வேலை பார்க்கும் ரோகிணிக்குப் பதவி உயர்வும் வந்தது, இரண்டு வருடம் கோயம்புத்தூர் கிளைக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருந்திருக்கலாம். மூன்று நாள் தள்ளி ஒரு சாயங்காலம், போகட்டுமா என்று கேட்டாள். தாராளமாப் போய்ட்டு வா அம்மிணி, எனக்கும் ரெண்டு வருசம் நிம்மதி என்றேன். அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் இரண்டு தடவை கேட்பதுதான் வழக்கம். அவள் கேட்கவில்லை. சிரித்துவிட்டு எழுந்துபோய்ப் பெட்டியை இறக்கினாள்.

இந்த மே மாதத்தோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது. மறுபடி ஹைதராபாத் வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன், பாக்கலாங்க என்றாள். பொங்கலுக்குப் போனபோது கேட்டேன், பாக்கலாங்க. கேட்டேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகை. மேடம் எப்போ நம்ம கிளைக்கு விஜயம், ஃபிரிட்ஜ் உங்களைத் தேடுது, இந்த மாதிரி. ரக்ஷிதாவிடம் வேவு பார்க்கப் போனால், அவள் இந்த ஊரில் பிறந்து படித்தவள், தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் நாக்கு தெலீது நானா, எனக்குத் தெரியாதுப்பா, என்று முடித்துவிடுவாள். அதனால் நான் எடை குறைவதை ஒரு பதில் மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம் நான் கதவைத் திறக்கும்போது அவள் ஒரு கணம் தடுமாறவேண்டும், யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று. இருபது கிலோவை ஒரு மனிதன் எடுத்து வெளியே வைத்தால், அந்த இடத்துக்கு யாராவது வருவார்கள்தானே.

மயங்கி விழுந்த அன்று என் கோப்பில் அவசரத் தொடர்பு என்று இருந்த ரோகிணியின் எண்ணுக்குத் தொழிற்சாலையிலிருந்து அழைத்துச் சொல்லிவிட்டார்கள். பிரசாத் தன் தோளைத் தடவிக்கொண்டே என்னை வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டு, வழியில் வாங்கிய நாலு வாழைப்பழத்தையும் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மதியம் ஹம்சாவிடமிருந்து செய்தி வந்தது. அவளுக்கு யார் சொன்னார்களோ. ராத்திரிக்கு இரண்டு முட்டை, ஒன்றரைக் கப் சாதம், பருப்பு, தயிர், படம் வேண்டாம், தின்றால் போதும் என்று எழுதியிருந்தாள். ஏழரை மணிக்கு அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாய் பிசைந்தபோது ரோகிணி வீடியோவில் அழைத்தாள். அவள் வீடியோவில் அழைப்பதே இல்லை. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன்.

"எந்திரிச்சு நில்லுங்க. போனைத் தள்ளி வெச்சு முழுசாக் காட்டுங்க" என்றாள்.

நின்றேன். உடற்பயிற்சிக் கூடத்து ஆள் மாதிரி கையை மடக்கியும் காட்டினேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்தெலும்பு தெரியுதுங்க."

"இருபது வருசமா பத்திரமா ஒளிச்சு வெச்சிருந்தன். இப்பத்தான் வெளிய எடுத்தன்."

அவள் சிரிக்கவில்லை. ரோகிணி என் பேச்சுக்குச் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. பழைய ஜோக்காக இருந்தாலும், விருந்தாளிகள் முன்னால் பத்தாவது தடவை சொன்னாலும், சரியான இடத்தில் சிரித்துவிடுவாள். நான் உட்கார்ந்தேன். நாக்கின் நுனியில் இன்னும் இரண்டு வேடிக்கை வரிசையில் நின்றன. அவற்றைத் தள்ளிக்கொண்டு, எனக்கே புதிதாக இருந்த ஒரு குரலில் கேட்டேன்.

"ரோகிணி, மே மாசம் நீ வர்றியா, இல்லியா?"

பாக்கலாங்க வரும் என்று காத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரக்ஷிதா எங்கேயோ போனில் ஆங்கிலத்தில் பேசுவது லேசாகக் கேட்டது.

"இல்லீங்க. வரலை" என்றாள். "போன மாசமே எழுதிக் குடுத்துட்டனுங்க. இன்னும் ரெண்டு வருசம் இங்கயேதான் வேணும்னு. பொண்ணு படிப்புக்காகன்னு காயிதத்துல எழுதியிருக்கறன். ஆனா அதுக்காக இல்லீங்க. எனக்கு இங்க நல்லாருக்குது. தனியா நல்லாருக்குது. உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க எளைச்சா நான் வந்துருவன்னு நெனச்சுக்கிட்டு இப்படிக் கெடக்காதீங்க."

நான் தலையாட்டினேன். அது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. போனை எதிலோ சாய்த்துவிட்டு, மேசையில் மூடியிருந்த தட்டைத் திறந்து தன் முன்னால் இழுத்தாள். இரண்டு தோசை. இருபத்தொன்றும் இரண்டும் இருபத்து மூன்று வருடத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் முழுதாகப் பார்த்தது கிடையாது. தோசையை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிப் பிய்த்துக்கொண்டு வருகிறாள், நடுவில் முறுகலாக இருக்கும் இடத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறாள். அப்படித்தான் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதும் முடிந்ததும் எழுந்துபோய், கல்லில் இன்னொன்று ஊற்றி எடுத்துவந்து தட்டில் போட்டாள். சட்னிக் கிண்ணத்தைச் சரித்து, வழித்து, பக்கத்தில் ஊற்றிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், அவசரமே இல்லாமல், மறுபடி ஓரத்திலிருந்து பிய்க்கத் தொடங்கினாள்.