தேஹோ அணைத்த விளக்கு

வோன்ஜு நகரைத் தாண்டியதுமே காரின் முகப்பில் குதிரை லாடம் போன்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

"ஏங்க, டயர்ல காத்து கம்மின்னு காட்டுது," என்றாள் நாரே.

"குளிர்ல காத்து சுருங்கும். வருஷா வருஷம் இதே கூத்துதான்." அவள் கணவன் தேஹோ ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தான். விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்தது. "பாத்தியா, சரியாப்போச்சு."

பின்னிருக்கையில் தேஹோவின் மாமியார் மல்சூன், சடங்குக்கான கொரியப் பட்டு உடை ஹன்போக் இருந்த பையை மடியில் வைத்திருந்தாள். கங்னுங் நகரில் அன்று அவள் மகன் ஜேமினுக்குக் கல்யாணம். இரு வீட்டுத் தாய்மாரும் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றினால்தான் சடங்கே தொடங்கும். சாலையெங்கும் பனி கொட்டியிருந்ததால் ஏற்கெனவே தாமதம்.

"மாப்பிள்ளை, என் காலுக்கடியில டக்கு டக்குன்னு கேக்குதே."

"கல்லு சிக்கியிருக்கும் அத்தை."

கொஞ்ச தூரம் போனதும் மல்சூன், "அந்தக் கல்லு இன்னும் எறங்கல போலிருக்கு," என்றாள்.

நாரேவுக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னாலும் கேக்கல, அம்மா சொன்னாலும் கேக்கல. கார் சொல்லிச்சு, அது வாயையும் அடச்சிட்டீங்க!"

தேஹோவுக்கே ஸ்டியரிங் வலப்பக்கம் இழுப்பது தெரிந்தது. அடுத்த நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பினான். வலது பின்சக்கரம் அமுங்கிக் கிடந்தது. டயரில் ஓர் ஆணி.

"விளக்கு எரியலையா?" என்று கேட்டார் அங்கிருந்த டயர்க் கடைக்காரர்.

தேஹோ மாமியாரைப் பார்த்தான். "எரிஞ்சுது. நான்தான் காத்தடிக்காம பட்டனை அமுக்கிட்டேன்."

"நெறைய பேர் செய்யறதுதான். இந்த வண்டியில டயருக்குள்ள கருவி கெடையாது. காத்து கொறஞ்ச சக்கரம் கொஞ்சம் சிறுத்து, மத்ததவிட வேகமா சுத்தும். அதை வச்சுத்தான் கண்டுபிடிக்குது. நீங்க அமுக்கினதும், இப்படிச் சுத்தறதுதான் சரின்னு நம்பிடுச்சு."

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ரப்பரால் அடைத்தார். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து நான்கு சக்கரத்துக்கும் காற்றடித்தார். "இப்ப அமுக்குங்க. கொஞ்சம் ஓடினாத்தான் புது அளவைக் கத்துக்கும்."

தாமதமாகும் என்று சொல்ல நாரே தம்பி ஜேமினுக்குப் போன் செய்தாள். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். ஓய்விடக் கழிப்பறையிலிருந்து வான நீல ஹன்போக்கில் வந்தாள் மல்சூன், காலில் ஓட்டப்பந்தய ஷூவோடு. காப்பி வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"அங்க போயி மாத்த நேரம் ஏது? எடுங்க வண்டிய."

வண்டி மலை இறங்கத் தொடங்கியது. தேஹோ, "மன்னிச்சுக்கங்க அத்தை," என்றான். "ரோட்டப் பாருங்க," என்றாள் அவள்.

மண்டபத்தில் அடுத்த கல்யாணக் கூட்டமே வந்து நின்றுவிட்டது. மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் தாயோ அசையாமல் மேடையருகே நின்றிருந்தாள். "சம்பந்தி வராம நான் ஏத்த மாட்டேன்னுட்டேன்," என்று மல்சூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மேடையேறினார்கள். மெழுகுவத்தி எரிந்தது. ஜேமின் கடைசி வரிசையிலிருந்த தேஹோவைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டுச் சிரித்தான்.

விருந்தில் உறவுக்காரி ஒருத்தி, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றாள். தேஹோ தலைகுனிந்தான்.

"ரோடு முழுக்கப் பனி," என்றாள் மல்சூன். தன் சூப்பிலிருந்த பெரிய விலா எலும்புத் துண்டை எடுத்து மருமகனின் கிண்ணத்தில் போட்டாள். "சூடா சாப்பிடுங்க மாப்பிள்ளை. திரும்பவும் நீங்கதான ஓட்டணும்."