ஒசக்கக் காய்ச்சல்

மூன்று கம்பளியைப் போர்த்தியும் பையன் கட்டிலோடு சேர்ந்து உதறினான். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. அன்னக்கொடி அவன்மேல் சாய்ந்து அமுக்கிப் பிடித்தபடி, "அத்தே, இது சும்மா காச்சல் இல்ல. இது மலை..." என்று தொடங்கினாள்.

வார்த்தை முடியவில்லை. மாமியார் பெரியம்மாளின் உள்ளங்கை வந்து அவள் வாயைப் பொத்திவிட்டது.

"அடி பாதகத்தி! கூடத்துல அவுக உக்காந்திருக்காக. காதுல விழுந்துச்சுன்னா வீடு வீடா இருக்குமா?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த 'அவுக', பெரியம்மாளின் புருஷன், ஏலத்தோட்ட முதலாளி மலைச்சாமி. போடியில் அவர் பெயர் இல்லாத இடம் இல்லை. ஏலக்காய்ச் சாக்கில் இருந்தது. ஜீப்பின் நெற்றியில் இருந்தது. வாசகசாலைக்கு அவர் வாங்கிக் கொடுத்த ரேடியோப் பெட்டியின் தலையில், ரேடியோவைத் தயாரித்தவன் பெயரை மறைத்துக்கொண்டு இருந்தது. வீட்டு வெண்கல அண்டாவின் வயிற்றிலும் இருந்தது. அந்த அண்டாவைத் தினம் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் வீட்டுப் பெண்கள். பெயரைத் துலக்கலாம்; சொல்லத்தான் கூடாது. பெண்டாட்டியோ மருமகளோ சொல்லிவிட்டால் அவருடைய ஆயுசு குறைந்துவிடும். ஒரு பெண்பிள்ளை ஒரு தரம் வாயைத் திறந்தால் தேய்ந்துபோகிற அளவில்தான் இருந்தது அந்தப் பெரிய மனிதரின் உயிர்.

வேறு பெயராக இருந்தால் சமாளித்திருக்கலாம். இதுவோ எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மேற்கே மலை வந்து முகத்தில் இடிக்கிற ஊர். அதனால் அந்த வீட்டில் மலை என்பது உயரே என்று பொருள்படும் 'ஒசக்க' ஆகி, மலைவாழைப்பழம் 'ஒசக்கப் பழம்' ஆயிற்று. மலைமேல் இருக்கும் தோட்டத்துக்குப் போவது 'ஒசக்க போறது'. மழை பெய்தால் 'தண்ணி விழுது'. எட்டாவது வரை படித்த அன்னக்கொடி, "அத்தே, மழைக்கு வர்றது லகரம் இல்ல, ழகரம்" என்று வந்த புதிதில் சொல்லிப் பார்த்தாள்.

"நம்ம வாயில எல்லாம் ஒரே லகரந்தேன்" என்று பெரியம்மாள் இலக்கணத்தை அத்தோடு முடித்துவைத்தாள்.

கோயிலில் இன்னும் சங்கடம். 'சாமி' என்பது பெயரின் பின்பாதி அல்லவா? "கோயில்ல இருக்கிறவுகளே, காப்பாத்துங்க" என்றுதான் இருவரும் கும்பிட்டார்கள். கோயிலில் பூசாரியும் இருந்தார். வேண்டுதல் யாரிடம் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

இது போதாதென்று, பேரன் பிறந்ததும் முறைப்படி தாத்தா பெயரையே வைத்தார்கள். பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவள் ஆனாள் அன்னக்கொடி. தம்பி, அப்பு, ராசா என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுவாள். தெருவில் நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். இவன் மட்டும் பார்க்கமாட்டான்.

"உள்ள என்ன சத்தம்?" என்றார் மலைச்சாமி. மருமகள் நாலு முழத்தில்தான் இருந்தாள். ஆனால் மருமகளோடு நேரில் பேசுவது பெரிய குடும்பத்துக்கு அழகல்ல. ஆகவே கேள்வி பெரியம்மாளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. "பயலுக்கு மேலுக்கு முடியலேன்னா புது டாக்டர்ட்ட காட்டச் சொல்லு. எனக்குச் சோலி கெடக்கு."

சோலி என்னவென்றால், வாசகசாலையில் 'குடியரசு நாட்டில் பேச்சுரிமை' என்ற தலைப்பில் அவருடைய தலைமையுரை.

பையனின் தகப்பன் சோணை, காய் பறிக்கிற காலமாதலால் தோட்டத்தில் இருந்தான். பையனையும் அங்கே வைத்துக்கொண்டிருந்து, போன வாரம்தான் ஜீப்பில் இறக்கி அனுப்பியிருந்தான். ஆக, மாமியாரும் மருமகளும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நல்லவர். இந்த ஊரில் மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு மலைக்காய்ச்சல் என்ற விஷக்காய்ச்சல் வரும் என்பதைப் படித்துவிட்டே வந்திருந்தார். ஊர்ப்பேச்சுத் தெரிந்த கம்பவுண்டர் ஜக்கையன் அன்று பார்த்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான்.

"பையன் பேர் என்னம்மா?"

அன்னக்கொடி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள்.

"அவுக தாத்தா பேருதேன் டாக்டரய்யா" என்றாள் அன்னக்கொடி.

"தாத்தா பேர் என்ன?"

"அய்யய்ய! அதை நான் எப்படிங்க சொல்லுவேன்?" பெரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. எங்கேயாவது போயிருந்தானா?"

"ஒசக்க இருந்தாங்க. பத்துப் பதினஞ்சு நாளு" என்றாள் அன்னக்கொடி.

"ஒசக்கன்னா?"

அவள் கையை மேலே காட்டினாள். டாக்டர் உத்தரத்தைப் பார்த்தார்.

"மாடியிலயா?"

"மாடி இல்லீங்க. அதுக்கும் மேல."

"ஓ, மொட்டை மாடி! ராத்திரியெல்லாம் பனியில படுக்கவிட்டீங்களா?"

"பனிதாங்க. குளிரு தாங்க முடியாதுங்க, அங்க" என்று பெரியம்மாள் தன் பங்குக்கு நெய் ஊற்றினாள்.

அன்னக்கொடிக்கு அழுகை முட்டியது. "டாக்டரய்யா, இது அந்தக் காச்சலுங்க. ஒசக்கக் காச்சலு!"

"ஆமாம்மா, ஒசந்த காய்ச்சல்தான். நூத்தி மூணு இருக்கு" என்று டாக்டர் அன்போடு ஒப்புக்கொண்டு, சளிக்கு மருந்து கலக்கிக் கொடுத்து, இனிமேல் பிள்ளையை மொட்டை மாடியில் படுக்கவைக்கக் கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அந்த வீட்டுக்கு மொட்டை மாடியே கிடையாது. ஓட்டு வீடு.

மறுநாள் காய்ச்சல் இறங்கிப் பையன் எழுந்து உட்கார்ந்தான். மலைக்காய்ச்சலின் குணம் அது. ஒரு நாள் விட்டுப் பிடிக்கும். மலைச்சாமி அகமகிழ்ந்து டாக்டர் வீட்டுக்கு ஒரு தார் பழம் அனுப்பினார். அதற்கு மறுநாள் காய்ச்சல் வட்டியோடு திரும்பி வந்தது. பையன் கண் செருகிவிட்டது. கூப்பிட்டால் முனகல்கூட இல்லை.

இந்தத் தடவை மலைச்சாமியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சில், சந்தைக்கு வந்த இடத்தில் மருந்துக்குக் காத்திருந்த ஏலக்காய் வியாபாரிகள் நாலு பேர் எழுந்து இடம் கொடுக்க, நடுவில் அமர்ந்தார். உள்ளே டாக்டர் பையனின் இமையை விலக்கிப் பார்த்து முகம் வெளுத்தார்.

"நினைவு தப்புது. தூங்க விடாதீங்க. கூப்பிடுங்கம்மா, கூப்பிட்டுக்கிட்டே இருங்க!"

"தம்பி... அப்பு... ராசா, ஆத்தாவப் பாருய்யா..."

"ஊர்ல எல்லாரும்தான் தம்பி! அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க!"

அன்னக்கொடி மாமியாரைப் பார்த்தாள். பெரியம்மாள் வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. பேரனின் உதடு நீலம் பாரித்திருந்ததை அவளும் பார்த்தாள்.

"மலைச்சாமீ!" என்று அலறினாள் அன்னக்கொடி. "டேய் மலைச்சாமி! எந்திரிடா! கண்ணத் தொறடா மலைச்சாமி!"

வராந்தாவில் மலைச்சாமி துள்ளி எழுந்து, "ஏன், என்னா?" என்றார்.

பழக்கதோஷம். தன் பெயரை யார் சொல்லிக் கூப்பிட்டாலும் மனிதன் அப்படித்தான் எழுந்துவிடுகிறான். நாலு வியாபாரிகளும் தரையில் எதையோ தொலைத்துவிட்டவர்கள்போலக் குனிந்துகொண்டார்கள்.

உள்ளே பையனின் இமை அசைந்தது. அணை உடைந்துவிட்ட அன்னக்கொடிக்கு இனி என்ன? "டாக்டரய்யா, இது மலைக்காச்சலு! இவன் மலையில இருந்துட்டு வந்தான். மலை! குரங்கணிக்கு மேல இருக்குல்ல, மலை! எங்க மாமனாரு பேருல இருக்கிற மலை!"

"அடக் கடவுளே, மாடிக்கும் மேலன்னீங்களே!" டாக்டர் கொய்னா மருந்துக்கு ஓடினார். "இதை முந்தாநாளே சொல்லக்கூடாதா?"

"கூடாதுங்க" என்றாள் பெரியம்மாள். அது ஒன்றுதான் அன்று அங்கே சொல்லப்பட்ட நேரான பதில்.

பையன் பிழைத்துக்கொண்டான். மலைச்சாமிக்கு மட்டும் மார்பைப் பிசைவதுபோல் இருந்தது. ஒரு தரமா, அத்தனை தரம்! ஆயுசில் மிச்சம் என்ன இருக்கிறதென்று டாக்டரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டினார். "உழவு மாடு மாதிரி இருக்கீங்க" என்றார் டாக்டர். ஆயுசு கெடவில்லை என்று தெரிந்ததும் மானம் கெட்டது நினைவுக்கு வந்தது.

பையன் வீடு திரும்பிக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய அன்று, கூடத்தில் அமர்ந்து பெரியம்மாளைக் கூப்பிட்டார்.

"சந்தை முழுக்கச் சிரிக்குது. 'டேய்'யாம்ல, 'டேய்'! வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல மஞ்சத்தண்ணியில வாயக் கழுவிட்டு, சனத்துக்கு முன்னால என் கால்ல விழணும். இல்லேன்னா பொட்டிபுரத்துக்கு, அவ அப்பன் வீட்டுக்கு நடையக் கட்டணும். பய இங்கதேன் இருப்பான். உள்ள சொல்லு."

உள்ளே சொல்ல வேண்டியதே இல்லை, தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் முறை முறைதான். பெரியம்மாள் அடுப்படிக்குப் போனாள். அன்னக்கொடி கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி குடித்த பையன் மூலையில் சாக்கின் மேல் தூங்கிப்போயிருந்தான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தே. நான் விழமாட்டேன். எம்பிள்ளையவும் விட்டுட்டுப் போகமாட்டேன். நாளைக்கு மறுபடி காச்சல் வந்தா மறுபடி கூப்பிடுவேன்."

பெரியம்மாள் திட்டவில்லை. கூடத்துப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, கல்யாணமாகாத பெண் கேட்பதுபோலக் கேட்டாள்:

"சொல்றப்ப எப்பிடிடி இருந்துச்சு?"

"எது அத்தே?"

"அதேன்... அந்தப் பேரு. வாயில."

அன்னக்கொடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "ஒண்ணும் இல்ல அத்தே. மத்த பேரு மாதிரிதேன் இருந்துச்சு."

பெரியம்மாள் சோற்றுத் தட்டை எடுத்து வைத்தாள். நிலைப்படிக்கு வந்து தொண்டையைக் கனைத்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. "ம..." என்றாள். பிறகு, இத்தனை வருஷமும் விழுங்கி வைத்திருந்த மலை மொத்தமும் ஒரேயடியாக வெளியே வந்தது.

"மலைச்சாமி! சோறு ஆறுது. வெரசா வாடா!"

கூடத்தில் மலைச்சாமி பாதி எழுந்து, அப்படியே நின்றார். கூப்பிட்டது பேரனையா, தம்மையா? பேரனை என்றால் குற்றம் சொல்ல வாயில்லை. அவர் வைத்த பெயர். தம்மை என்றால், போனால் அந்த 'வாடா'வுக்குப் பதில் சொன்னதாக ஆகும். மருமகளைப் பொட்டிபுரத்துக்கு அனுப்பலாம். இவளை எங்கே அனுப்புவது? அனுப்பினால் நாளைக்குச் சோறு?

கருவாட்டு வாசனை கூடத்துக்கு வந்தது. பேரன் ஓடிவருகிற சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன், வந்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் நடந்தார்.