பன்னிரண்டு அங்குல வழி

பாய்லருக்குள் ஆள் இறங்கும் துளை ஏன் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கிறது தெரியுமா? அதன் மூடி உள்பக்கமிருந்து பொருந்த வேண்டும். அப்போதுதான் நீராவியின் அழுத்தமே அதை இறுக்கும். துளையைவிடப் பெரிய வட்ட மூடி உள்ளே போகாது. முட்டை வடிவ மூடியைச் சாய்த்து நுழைத்துவிடலாம். நீளம் பதினாறு அங்குலம், அகலம் பன்னிரண்டு. அருமையான ஏற்பாடு. அதற்குப் பொருந்தாத ஒரே பொருள் நான்.

திருவொற்றியூரில் எங்கள் தொழிற்சாலையில் பாய்லர் மேஸ்திரி வேலை காலியாயிற்று. வருடாந்தரச் சோதனையில் உள்ளே இறங்கிப் பார்ப்பவனுக்குத்தான் அது என்றார் ஃபோர்மேன் கிருஷ்ணப்பன். சோதனைக்கு நாற்பது நாள் இருந்தது.

டாக்டரிடம் இளைக்க மாத்திரை கேட்டேன்.

“பசியை அடக்க மாத்திரை இருக்கு, கஸ்பார். தூக்கமும் கூடவே போயிடும், நெஞ்சு படபடக்கும். சோத்தைப் பாதியாக்குங்க. வேலைக்கு நடந்து போங்க. மாசம் ரெண்டு கிலோ இறங்கினா போதும்.”

எனக்குப் போதவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் தொடங்கியிருந்தது; ஒருசந்தி பிடித்தேன். நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. அது எவ்வளவு பெரியது என்று கோயிலில் யாரும் சொன்னதில்லை.

“இன்னாய்யா, மூணு வேளையும் ஒரே தட்டுல கீது?” என்றாள் என் மனைவி வியாகுலம்மாள்.

“கறி இல்ல, பாத்தியா?”

“வஞ்சிரம் கீதே. அது இன்னா, கீரையா?”

பாய்லர் அடுப்பில் கரியை ஒரேயடியாகக் கொட்டாதே, கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன் நான்.

கடைசி இருபது நாள் அவளே சோற்றை அளந்து வைத்தாள். ராயபுரத்து வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தேன். கன்னம் ஒட்டியது. சதை எங்கிருந்து முதலில் கரைய வேண்டும் என்று நம்மை யாரும் கேட்பதில்லை. முகம் அதற்கு முன்பே துளையில் நுழையக்கூடியதுதான்.

சோதனையன்று, ஆறவைத்த பாய்லருக்குள் கை, தலை, தோள் போயின. வயிறு நின்றது.

“மூச்ச இழுத்து வச்சிகினு கீறியா நைனா? வுடு,” என்றான் கூட வேலை செய்யும் மஜீது. விட்டேன். ஓர் அங்குலம் கிடைத்தது.

“குழாய் பூரா உப்பு படிஞ்சி கீது,” என்று உள்ளிருந்து கத்தினேன்.

“பாதி ஆளு பாத்தா பாதி சோதனைதான்,” என்றார் கிருஷ்ணப்பன். “காலைப் புடிச்சி இழுங்கப்பா.”

பிறகு மஜீது விலாங்கு மாதிரி இறங்கினான். வேலை அவனுக்குப் போயிற்று.

மறுநாள் டாக்டரின் தராசு மூன்று கிலோ குறைந்ததாகக் காட்டியது. இதே மாதிரி போனால் ஒரு வருஷத்தில் சரியாகிவிடும் என்றார். அடுத்த சோதனையில் உள்ளே இறங்க மேஸ்திரி மஜீதிடம் இப்போதே பெயர் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.