நூற்றெண்பத்தாறு அனுமதிகள்

வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் சிவசங்கரிதான் கம்ப்யூட்டர் கிளார்க். கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளில் ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் என்பதால் லயத்து, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்களுக்கு அவள்மேல் ஒரு பெருமை. அந்தப் பெருமையை நம்பித்தான் மேனேஜர் அவளை அந்த வேலைக்கு அனுப்பினார்.

மழை சற்று விட்டிருந்த ஒரு ஜூன் காலையில், ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தாள். வரிசையில் வந்த பெண்களின் போன்களை ஒவ்வொன்றாக வாங்கி, புது வருகைப்பதிவு ஆப்பை ஏற்றினாள். அது முதலில் முகத்தைப் படம் பிடித்தது. அடுத்து, நீங்கள் இருக்கும் இடத்தை எப்போதும் அறிய அனுமதிக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அனுமதி என்று அழுத்தினால்தான் மேற்கொண்டு நகர்ந்தது.

"என்னாத்தா கேக்குது அது?" என்றாள் வேலுத்தாய். ஐம்பது வயது இருக்கும். லயத்தில் கூரை ஒழுகினாலும் தண்ணீர் வராவிட்டாலும் ஆபீஸ் படியேறுகிற முதல் ஆள் அவள்தான்.

"ஒண்ணுமில்ல சித்தி. கையெழுத்து போடுற மாதிரித்தான்."

வேலுத்தாய் சரியென்று போனை வாங்கிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் சிவசங்கரி நூற்றெண்பத்தாறு பேருக்காக அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

சொன்ன பதில் அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. கேரளத்துப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விரும்பியவர்கள் திறந்து படிக்கலாம், மாற்றலாம் என்று தமிழ் மீடியத்தில் படித்துப் பரீட்சை எழுதியவள் அவள். இந்த ஆப்பை ஏற்ற வந்த கம்பெனிக்காரனிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டபோது, "அது எங்களுக்கே காட்டமாட்டாங்க மேடம்" என்று சிரித்தான். அவளும் கூடச் சிரித்துவைத்தாள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "நேத்து நாலு மணிக்கு அஞ்சாம் லயத்துல யார் யார் இருந்தாங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும். மேப்பைத் திற."

திறந்தாள். அஞ்சாம் லயத்தில் வேலுத்தாய் வீட்டின்மேல் இருபத்து மூன்று புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. கூரை ஒழுகுவதைப் பற்றி லேபர் ஆபீசருக்கு மனு எழுத அங்கே கூடியிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"நெட் இழுக்குது சார். பிரிண்ட் எடுக்க நேரமாகும்" என்றாள். அவர் பேக்டரிப் பக்கம் போனார்.

தனியாக இருந்தபோது சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. அம்மா பெயரைத் தேடினாள். ராமுத்தாய். வேலை முடிந்ததும் அந்தப் புள்ளி நேரே வீட்டுக்கு வரவில்லை. தினமும் பெரியாற்றுப் பாலத்துக்குக் கீழே இறங்கி அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. ஏதாவது நோயா? யாரையாவது பார்க்கிறாளா? ஆபீசிலிருந்து வெளியே வந்து தராசுக் கொட்டகை வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். மேனேஜர் கேட்ட லிஸ்டை அன்று எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் ஆத்துப்பக்கம் எதுக்கும்மா போற?"

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பெறகு?"

சிவசங்கரி அம்மாவின் போனைக் காட்டினாள். ராமுத்தாய் அதை வாங்கித் தள்ளிவைத்தாள்.

"சும்மாதான்டி போறேன். பாறையில உக்காந்துட்டு வாரேன். காட்டுல சூப்பர்வைசர் கூப்புடுறாரு, வீட்டுல உங்கப்பன் கூப்புடுறாரு, நீ கூப்புடுற. யாருமே கூப்புடாத எடம்னு எனக்கு ஒண்ணு இருந்துச்சு."

இருக்கு என்று சொல்லவில்லை, இருந்துச்சு என்றாள்.

"அந்த மேனேஜர் தொரையும் பாத்தாரா?"

"தெரியாதும்மா. பாக்கணும்னு நெனச்சா பாக்கலாம்."

அம்மா பீன்ஸை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான்கு நாள் மகளோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மஸ்டரில் பெண்கள் கூடை மாட்டிக்கொண்டு நின்றபோது சிவசங்கரி மேசைமேல் ஏறாத குறையாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். "கையெழுத்து மாதிரின்னு சொன்னேன்ல, அது பொய். இந்த ஆப்பு நீங்க போற வார எடம் பூராவையும் பாத்துக்கிட்டே இருக்கு. ஞாயித்துக்கிழமையும் பாக்குது."

"ஆத்தி, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா இது?" என்று ஒருத்தி கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். வேலுத்தாய் சிரிக்கவில்லை.

"அப்ப எங்க வீட்டுக்கு வந்தவங்க பேரு ஆபீசுல இருக்கா?"

"இருக்கு சித்தி."

"ஓங்கையாலதான அமுக்குன?"

"ஆமா. என் கையாலதான்."

வேலுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட சிவசங்கரிக்கு ஆறியிருக்கும்.

போனில் இருப்பிடம் காட்டுவதை அணைத்து வைத்தால் வருகை பதிவாகவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் அப்படித்தான். வழி சொன்னது வேலுத்தாய். அன்று மாலை கொழுந்தை எடை போட்ட கையோடு எல்லாரும் ஆபீசுக்கு வந்து, மேனேஜர் மேசையில் போன்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள்.

"ஆப்பு ஒங்களுது தொர. அது இங்கனயே கெடக்கட்டும். காலையில வேலைக்கு வாரப்ப எடுத்துக்கிடுறோம்."

மேசை நிறைந்து, பீரோ மேலும் ஜன்னல் திண்டிலும் போன்கள் கிடந்தன. அவை அடித்துக்கொண்டே இருக்க, மேனேஜருக்குத் தன் போனில் பேச முடியவில்லை. வரைபடத்தில் எஸ்டேட் முழுவதும் வெறிச்சென்று, அத்தனை புள்ளியும் அவர் அறைக்குள் நின்றது.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள், தேனி ஹாஸ்டலில் ஒருத்தியின் மகளுக்குக் காய்ச்சல் வந்து, கூப்பிட்டும் அம்மா எடுக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவள் அழுதுகொண்டே ஓடிவந்து போனை எடுத்துப் போனாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

கூடப் படித்த ஜினோ கோட்டயத்தில் மென்பொருள் எழுதுகிறவன். அன்று ராத்திரியே சிவசங்கரி அவனைக் கூப்பிட்டாள்.

"ஒரு டேப்லெட் மதி, அது போதும் சங்கரி" என்றான் மலையாளமும் தமிழும் கலந்து. "மஸ்டர்ல வெச்சு, அவங்கவங்க பேரைத் தொட்டா போதும். எடம் கேக்காது, மொகம் கேக்காது. நிரல் மொத்தம் வெளியில கெடக்கும், யாருக்கு வேணும்னாலும் வாயிக்கலாம், படிச்சுப் பாக்கலாம்."

அவன் எழுத எழுத அவள் பொத்தான்களுக்குத் தமிழ் போட்டாள். 'உள்நுழைவு வெற்றி' என்று வந்ததை அழித்து 'வந்தாச்சு' என்று மாற்றினாள்.

ஆறாம் நாள், பெண்கள் கொடுத்த மனுவைப் பார்த்து லேபர் ஆபீசர் வந்தார். டேப்லெட்டை முன்னால் வைத்து, உள்ளே எழுதியிருக்கும் நிரலைக் காட்டாத ஆப் வேண்டாம் என்று பெண்கள் சொன்னார்கள். மேனேஜர் கடைசியில் கேட்டது ஒன்றுதான். "நிரலைக் காட்டு, காட்டுன்னா? இவங்கள்ல ஒருத்தருக்காவது ஒரு வரி படிக்கத் தெரியுமா?"

வேலுத்தாய் எழுந்தாள். "கொழுந்து நிறுக்கையில தராசு எங்க கண்ணு முன்னாடிதான தொர இருக்கு? அதுக்குள்ள என்ன கம்பி ஓடுதுன்னு எனக்கும் தெரியாது. ஆனா சந்தேகம்னா தெரிஞ்ச ஆளக் கூட்டியாந்து தொறந்து பாக்கச் சொல்லுவேன். தொறக்கவே கூடாதுன்னு பூட்டி வச்ச தராசுல எவளாச்சும் கொழுந்தப் போடுவாளா?"

ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள். சொந்தப் போன்களிலிருந்து ஆப்பை எடுக்கவும், இரண்டு மாதம் டேப்லெட்டை வைத்துப் பார்க்கவும் முடிவாயிற்று. வேலுத்தாய் போகும்போது சிவசங்கரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று அந்தத் தட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரமே ஆபீஸ் ரகசியத்தை வெளியே சொன்னதாக மெமோ கொடுத்து, சிவசங்கரியைப் பேக்டரியில் தூள் பாக்கெட் போடும் பகுதிக்கு மாற்றினார்கள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது வேறு. ஆப்பை எடுத்தாலும் அது ஏற்கெனவே சேர்த்த புள்ளிகள் போகவில்லை. மூன்று வாரமும் யார் எங்கே நின்றார்கள் என்பது ஆப் கம்பெனியின் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஜினோ சொன்னான். லயம் லயமாகப் போய், அதற்கான படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பதினோரு நாள் ஆயிற்று.

அம்மாவிடம் கடைசியாகத்தான் போனாள். ராமுத்தாய் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இப்ப நான் வேற எடத்துக்குப் போறேன். எங்கன்னு கேக்காத" என்றாள். சிவசங்கரி கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து பதில் ஆகஸ்டில் வந்தது. நாற்பத்தொரு பேரின் விவரம் அழிக்கப்பட்டுவிட்டது, மற்றவை பரிசீலனையில் உள்ளன என்று இரண்டே வரி. எந்த நாற்பத்தொரு பேர் என்று அதில் இல்லை. தேயிலைத் தூள் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் அவள் அடுத்த கடிதத்தை ஆரம்பித்தாள். இடைவேளை முடிந்து பேக்டரிச் சங்கு ஊதியபோது பாதிதான் ஆகியிருந்தது.